ஈசிஜி நார்மல், அப்புறம்?

ராத்திரி இரண்டு மணி. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது, முதுகெல்லாம் வேர்வை, மூச்சு பாதியிலேயே நின்றுவிடும் போல இருக்கிறது. வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. ஒருவர் ஈனோ கரைக்கிறார், ஒருவர் முதுகைத் தேய்க்கிறார், பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ பிடிக்க ஓடுகிறான். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறார்கள். "நார்மல்தான், ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும். போய் ரெஸ்ட் எடுங்க."

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே இரண்டு மணி, அதே ஆட்டோ, வேறொரு ஆஸ்பத்திரி. இப்படியே எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி என்று மஞ்சள் பையில் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சீட்டிலும் அதே "நார்மல்". பாதிக்கப்பட்டவருக்கு அது ஆறுதலாக இருப்பதில்லை. "எல்லாம் நார்மல்னா எனக்கு ஏன் இப்படி ஆவுது?" என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது ஒரு செய்தி. "ஒண்ணுமில்ல" என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒரே வாயால் சொல்லி அனுப்பிவிடுவதில்தான் பல பேரின் ஒன்றிரண்டு வருடம் போய்விடுகிறது.

வடசென்னையில் பதற்றம் தன் சொந்தப் பெயரில் வருவதே குறைவு. ஆண்களிடம் அது "கேஸ்", "நெஞ்சு அடைக்குது", "தலை கிர்ருங்குது". பெண்களிடம் "கை கால் எரியுது", "மூச்சு முட்டுது", "ஒடம்புல தெம்பே இல்ல". பள்ளிப் பிள்ளைகளிடம் திங்கட்கிழமை காலை வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வராது. நம் பேச்சில் இதற்கு மிக அருகில் வரும் சொல் "காபரா ஆவுது" என்பதுதான். ஆனால் அந்தச் சொல்லை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. வியாதி என்று சொல்லும் அளவுக்கு அது கௌரவமாகப் படுவதில்லை போலும்.

முதலில் ஆபத்தான பக்கத்தை முடித்துவிடலாம். முதல் தடவை இப்படி வந்தால் "இது மனசுதான்" என்று வீட்டிலேயே யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, பி.பி. உள்ளவர், பீடி சிகரெட் பிடிப்பவர், அப்பா அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தவர் ஆகியோர் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மாடிப்படி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் குறைந்தாலும் அப்படியே. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வேர்வையும் மூச்சுத்திணறலுமாகவும் வரலாம். ஒரே ஒரு ஈசிஜி நார்மலாக இருந்தால் போதாது என்பதால்தான் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி ஈசிஜியும் ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். பொறுமையாக இருந்து அதை முடித்துக்கொண்டு வருவதுதான் சரி.

அதோடு, பதற்றம் மாதிரியே வேஷம் போடும் சிலவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், வெக்கை தாங்க முடியாமை எல்லாம் வரும். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தசோகையிலும் நாலு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் "டென்ஷன்" என்று சொல்வது அநியாயம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வேர்த்து நடுங்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புடமால் பம்ப்பும் படபடப்பு தரும். பிறகு டீ. லோடு இறக்கும் இடங்களில் ஒரு ஷிஃப்டுக்கு எட்டு, பத்து டீ என்பது சாதாரணம். டீயில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், சாயங்காலம் ஆறு மணி டீ ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் பாதி இருக்கிறது. மாவா, ஹான்ஸ் வாயில் அடக்கினாலும் நிகோடின் இதயத்துடிப்பை ஏற்றும்.

இதெல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்றால் ஐந்தாவது எக்கோவுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணம் வீணாவது ஒரு பக்கம். ஒவ்வொரு புதுப் பரிசோதனையும் ஒரு வாரம் நிம்மதி தந்துவிட்டு, "அப்ப அந்த டாக்டர் சரியா பாக்கலையோ" என்ற சந்தேகத்தை விட்டுப் போகிறது என்பது இன்னொரு பக்கம்.

அழுத்தம் வேறு, பதற்றம் வேறு

மன அழுத்தத்துக்கு முகவரி உண்டு. திங்கட்கிழமை குழு லோன் கட்ட வேண்டும். ஞாயிறு ராத்திரி தூக்கம் வரவில்லை. கட்டியாயிற்று, செவ்வாய்க்கிழமை தூங்கிவிட்டார். இது அழுத்தம். லோன் முழுக்க அடைத்து மூன்று மாதம் ஆகியும், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நெஞ்சு குதிக்கிறது, வாசலில் பைக் நின்றாலே கை சில்லிடுகிறது என்றால் அது பதற்றம். காரணம் போன பிறகும் உடம்பின் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று ஓடியது சரியான செயல். உடம்பின் அபாய மணி தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு எங்கே லேசாக நெடி அடித்தாலும், பினாயில் வாசனைக்குக்கூட, உடம்பு அதே ராத்திரியை மறுபடி ஓட்டத் தயாராகிவிடுவதும் உண்டு. அதே மாதம் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களில் சிலருக்கு ஓடு மேல் மழைச்சத்தம் கேட்டாலே போதும். மணி பழுதாகிவிடவில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டதை அளவு மீறி ஒப்பிக்கிறது.

இதில் ஒரு நேர்மை வேண்டும். தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது ஒருவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. அழுத்தத்துக்கு அதன் காரணத்தில் கை வைக்க வேண்டும். ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, வாரம் எவ்வளவு, எது வட்டி மட்டும், எது அசலோடு என்று எழுதினாலே தலைக்குள் சுற்றுவது பாதியாகும். பதற்றத்துக்குத்தான் கீழே சொல்லும் வழிகள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும், ஆகவே இரண்டு வேலையும் சேர்த்தே நடக்க வேண்டும்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது என்று ஒரு முறை இருக்கிறது, கேட்பதற்குக் கிண்டலாக இருக்கும். சாயங்காலம் ஆறரை முதல் ஆறே முக்கால் வரை, அதே இடம், அதே நோட்டு. பகலில் வரும் கவலையை ஒரு வரி எழுதி "ஆறரைக்குப் பாக்கறேன்" என்று தள்ளிப்போடுவது. ஆறரைக்கு அதை எடுத்து, நாளை செய்யக்கூடியதை ஒரு பக்கம், என்ன செய்தாலும் நம் கையில் இல்லாததை இன்னொரு பக்கம் பிரிப்பது. படுக்கையில் வைத்து மட்டும் செய்யக் கூடாது. அப்புறம் படுக்கையே கவலைப்படும் இடமாகிவிடும். முதல் வாரம் தள்ளிப்போடவே வராது. பத்து நாளில் வரும்.

அந்தப் பத்து நிமிடம்

திடீரென்று வரும் படபடப்புக்கு மருத்துவத்தில் பேனிக் அட்டாக் என்று பெயர். அது ஏறுவது வேகமாக, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். பிறகு தானாக இறங்கும்; இருபது முப்பது நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் குடித்த ஈனோவுக்கும் கோலி சோடாவுக்கும் கிடைக்கும் நல்ல பெயர் இந்தத் தானாக இறங்கும் குணத்தால்தான்.

விரல் நுனி மரத்துப்போவது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பது, தலை லேசாவது ஆகியவை எப்படி வருகின்றன என்று தெரிந்தால் பாதி பயம் போகும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். காற்று போதவில்லை என்று தோன்றுகிறது; உண்மையில் தேவைக்கு மேல் போகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவுதான் விரலை மரக்கச் செய்கிறது, தலையைச் சுற்றவைக்கிறது. உடனே "ஸ்ட்ரோக் வருது போல" என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறோம். ஆழமாக மூச்சை இழு என்று கூட இருப்பவர் சொல்வது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற கதை.

செய்ய வேண்டியது வெளிமூச்சை நீட்டுவது. உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை சாதாரண அளவு மூச்சு, வயிறு கையைத் தள்ள வேண்டும். பிறகு ஆறு எண்ணும் வரை, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து வெளியே. அடக்கிவைக்க வேண்டாம். ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்தால் நல்லது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்ணால் பார்ப்பதே ஒரு மருந்து. பையை வாயில் வைத்து மூச்சுவிடும் பழைய வழி வேண்டாம். அது ஆஸ்துமாவாகவோ இதயக்கோளாறாகவோ இருந்துவிட்டால் ஆபத்து.

இது பலிக்கவில்லை என்பவர்கள் இரண்டு தவறில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அட்டாக் வரும்போது மட்டும் செய்வது. நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. காலை ஐந்து நிமிடம், ராத்திரி ஐந்து நிமிடம், சும்மா இருக்கும்போது இரண்டு வாரம் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும். இன்னொன்று, "போ போ" என்று அதை விரட்ட மூச்சைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு நொடியும் "போச்சா, போச்சா" என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் அது போகாது. அலை வரும்போது காலை ஊன்றி எதிர்ப்பவனைத்தான் அது கவிழ்க்கும் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கூட இருப்பவர்களுக்கு: கூட்டம் கூடாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், மூச்சு வாங்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். "பயப்படாத" என்று சொல்வதால் பயம் போனதாக வரலாறு இல்லை. "நான் இங்கதான் இருக்கேன். மூச்சை மெதுவா வெளிய வுடு" என்று ஒரே ஆள், ஒரே குரலில், திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

எதை விட்டீர்கள் என்ற கணக்கு

எப்போது உதவி தேட வேண்டும்? எவ்வளவு வலிக்கிறது என்று அளந்து பார்ப்பதில் ஒரு சங்கடம்: நம் ஊரில் எல்லோரும் "தாங்கிக்கலாம்" என்றே சொல்வார்கள். தாங்குவதில் பெருமை உண்டு. அதனால் வேறு மாதிரி கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்த எதையெல்லாம் இப்போது விட்டுவிட்டீர்கள்?

ஒருவர் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக ரயில் நின்றபோது படபடப்பு வந்ததால் ரயிலை விட்டார். பிறகு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால்தான் ஏறுவார். பிறகு பஸ்ஸும் இல்லை, மச்சான் பைக்கில் மட்டும். பிறகு எம்.சி. ரோடு பக்கமே போவதில்லை, தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூட. வலி கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்திருக்கிறது. உலகம்தான் ஒவ்வொரு தெருவாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இவர் வேலையை இன்னும் விடவில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் இது நோயாகத் தெரியவில்லை.

இரண்டு மூன்று விஷயங்களை இப்படி விட்டிருந்தாலோ, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, தூங்குவதற்கு சரக்கோ மாத்திரையோ தேவைப்பட்டாலோ போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஜிஏடி-7 என்று ஏழு கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஆனால் மேலே சொன்ன மனிதர் ரயில், பஸ், கடைத்தெரு மூன்றையும் விட்டுவிட்டு ஆறு மதிப்பெண் வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எனக்கு அந்த எண்ணைவிட விட்டவற்றின் பட்டியல் மேல் நம்பிக்கை அதிகம்.

சிலவற்றுக்கு நாள் பார்க்கவே கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கு வழி யோசிப்பது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, இருக்கும் இடமோ ஆளோ தெரியாமல் பேசுவது. பிரசவமான முதல் சில வாரங்களில் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் "பச்ச ஒடம்பு, சரியாயிடும்" என்று விடாதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-உம் உண்டு. தற்கொலை எண்ணத்துக்கென்றே 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. சாக முயன்றவர் மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

இன்னொரு அவசரம் குடியில் இருக்கிறது. ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வருவது நிஜம். அது விடியற்காலை மூன்று மணிக்குக் கைவிட்டுவிடும். படபடப்போடு முழிப்பு வரும். காலையில் கை நடுங்கும், ஒரு கட்டிங் போட்டால் நிற்கும். இதைப் பதற்றம் என்று நினைத்து அதற்கு மருந்தாகக் குடிக்கிறார்கள். பதற்றத்தைத் தயாரிப்பதே அதுதான். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மாலை போட்டுக்கொண்டு அன்றிலிருந்து தொடாமல் இருப்பவருக்கு முதல் நாளே நடுக்கமும் வேர்வையும் வரலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாள் பூச்சி ஊர்வது போலத் தெரிந்து பிதற்றலாம். அது சாமி குற்றமும் இல்லை, மனசு பலவீனமும் இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரையோடு நிறுத்தினால் விரதமும் கெடாது.

விட்டதைத் திரும்பப் பிடிக்கும் வழி படிப்படியாகப் போவது. ரயிலை விட்டவருக்கு அது இப்படி இருக்கும்: முதல் படி, திருவொற்றியூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நிற்பது, ஏற வேண்டாம். அடுத்தது கூட்டமில்லாத மதியத்தில், துணையோடு, வ.உ.சி. நகர் வரை ஒரு ஸ்டேஷன். பிறகு கொருக்குப்பேட்டை வரை, துணை அடுத்த பெட்டியில். பிறகு தனியாக பேசின் பிரிட்ஜ். கடைசியில் காலை நெரிசலில் சென்ட்ரல். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று மனதில் மார்க் போட்டு, அது பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு ஸ்டேஷன் தூரத்தில் அது குறைய நேரம் போதாது என்பதால் மூன்று நான்கு தடவை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். வாரத்தில் நான்கைந்து நாள் செய்தால்தான் பலன்; மாதம் ஒருமுறை போனால் ஒவ்வொரு முறையும் முதல் தடவைதான்.

இது தோற்பதற்குப் பெரிய காரணம், பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கி ஓடுவது. அப்போது மூளை கற்றுக்கொள்வது "ஓடினதாலதான் பொழைச்சேன்" என்பதை. சின்னக் காரணம் ஒன்றும் உண்டு, அதுதான் அதிகம் ஏமாற்றும்: சட்டைப்பையில் அரை மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், வீட்டுக்கு லைனில் இருக்கும் போன். சென்ட்ரல் வரை போய்வந்தாலும் பெயர் அந்த மாத்திரைக்குத்தான் போகும். கடைசிப் படிகளில் அவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

சீட்டு எடுத்த பிறகு

"கீழ்ப்பாக்கம்" என்பது நம் பேச்சில் ஒரு வசவு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794-க்குப் போகிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக மக்களுக்கு வைத்தியம் செய்த இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே புறநோயாளியாகக் காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அந்தப் பெயர் கூச்சமாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அதே கேட், அதே ஓ.பி. சீட்டு, காலை வேளை. தெருவில் பார்ப்பவருக்கு நீங்கள் பல்லுக்குப் போகிறீர்களா மனசுக்குப் போகிறீர்களா என்று தெரியாது. உங்கள் அனுமதி இல்லாமல் விவரத்தை முதலாளியிடமோ சொந்தக்காரரிடமோ சொல்லக் கூடாது என்பதும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது.

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஆறு மாதக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரத் தூக்கம், ஒரு நாளைக்கு எத்தனை டீ, குடி என்றால் எத்தனை குவார்ட்டர் என்று நிஜமான அளவு, விட்டுவிட்டவை எவை. இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கொண்டு போங்கள். மஞ்சள் பை மொத்தத்தையும் கொட்ட வேண்டாம். கடைசி ஈசிஜி, ரத்தப் பரிசோதனை போதும். லாரி, டிரெய்லர், கிரேன் ஓட்டுபவர் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். மாத்திரை தேர்வே அதனால் மாறும்.

மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். பேச்சு வழி சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர்; அவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கேட்டால் தப்பில்லை. "கவுன்சிலிங்" என்று போர்டு மாட்ட இங்கே எந்தப் படிப்பும் தேவைப்படாத நிலை இருப்பதால் கேட்டுவிடுவதே நல்லது. வேப்பிலை அடிப்பது, தர்காவில் ஓதிக்கொள்வது, ஜெபம் எல்லாம் மனசுக்குத் தைரியம் தந்தால் நடக்கட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரையில் இரண்டு ஜாதி. இதைப் புரிந்துகொள்ளாததால் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் வகை எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை. இவைதான் நோயைக் குறைப்பவை, ஆனால் மெதுவாக. எஸ்சிடலோப்ராம் என்றால் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்குப் போவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, சில நேரம் பதற்றமே கொஞ்சம் கூடுவது எல்லாம் உண்டு. நிறையப் பேர் ஐந்தாம் நாள் "எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்துகிறார்கள். தொல்லையை மட்டும் வாங்கிக்கொண்டு பலன் வருமுன் வெளியேறுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். சாவு பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டாவது வகை அல்ப்ராசோலம், குளோனசெபாம். அரை மணியில் அடக்கிவிடும். அதனால் எல்லோருக்கும் இதுதான் "நல்ல மாத்திரை". முதல் வகை வேலை செய்யத் தொடங்கும் வரை, சில வாரத்துக்கு மட்டும் கைத்தடியாகத் தருவது இது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால் உடம்பு பழகிவிடும், 0.25 போய் 0.5, அது போய் இரண்டு. திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரு மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். குடியோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். சீட்டு வாங்கியதும் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதுல எது கொஞ்ச நாளைக்கு, எது ரொம்ப நாளைக்கு?" பதிலை சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியான பிறகும் முதல் வகை மாத்திரையை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். "நல்லாதானே இருக்கேன்" என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துபவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல் வரும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டாக்டர் சொல்லும் அளவில் இறக்க வேண்டும். குறைத்த முதல் சில நாளில் வரும் தொல்லை பெரும்பாலும் மாத்திரை விலகுவதால் வருவது, ஓரிரு வாரத்தில் போய்விடும். நன்றாக இருந்து பல வாரம் கழித்து மெல்ல மெல்ல வந்தால் அது பழைய நோய் தலைகாட்டுவதாக இருக்கலாம். தேதி போட்டுக் குறித்து வைத்தால்தான் டாக்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

எப்போது குறைக்கத் தொடங்குவது என்பதையும் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். தாழ்வான தெருவில் வீடு என்றால் அக்டோபரில் வேண்டாம், மழை முடிந்து ஜனவரியில் கேளுங்கள். விசைப்படகில் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கையில் காசு இருக்காது, கடன் ஏறும். படகு மறுபடி இறங்கி ஒன்றிரண்டு மாதம் போகட்டும். பிள்ளை பன்னிரண்டாவது படிக்கிற வீட்டில் அம்மாவுக்கு மார்ச் சரிப்படாது.